கொடி வராமல் கேட் திறக்காது

என் வீட்டுக்காரருக்குக் கோட்டை என்றால் உயிர். இடிந்த மதில் எங்கே நின்றாலும் அதைத் தடவிப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. தையல் கடையைச் சாத்திவிட்டு எங்காவது போய் ஒரு வாரம் சும்மா இருக்கலாம் என்றுதான் நான் கேட்டேன். அவர் கூட்டிக்கொண்டு போன இடம் எல்லையோரத்து மலை மாவட்டம். பழைய கோட்டைகள், வழியெல்லாம் அருவி, உச்சியில் ஒரு சன்னதி என்று ஆசை காட்டினார். கோட்டைக்கு ஏற வேண்டிய படிகளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. என் முழங்கால் முதல் நாளே கையை விரித்துவிட்டது. அவர் கோட்டை கோட்டையாக ஏறிக்கொண்டிருக்க, நான் மேல் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த விடுதியில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டக்காவோடு பழகியது அப்படித்தான்.

முதலில் அந்தச் சாலையைச் சொல்லிவிடுகிறேன். மலைக்கு அது ஒன்றுதான் வழி. பாறையைக் குடைந்து போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை, எட்டிப் பார்த்தால் அடிவயிறு கூசும். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால் விலக இடம் கிடையாது. பாதி வழியில் அருவி விழுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அகலம் உண்டு. அதனால் காலையில் எல்லா வண்டிகளும் ஏறும், அதற்குப் பிறகு எல்லாம் இறங்கும். கீழே ஒரு கேட், மேலே ஒரு கேட். காலையில் கடைசியாக ஏறுகிற வண்டியின் முன்னால் கீழ் கேட்காரர் ஒரு சிவப்புக் கொடியைச் செருகிவிடுவார். அந்தக் கொடி மேலே வந்து சேர்ந்தால் சாலை காலி என்று அர்த்தம். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் இறங்குகிற வண்டிகளுக்கு மேல் கேட்டைத் திறக்க வேண்டும். இறங்கும்போது கடைசி வண்டியோடு கொடியும் கீழே போய்விடும். கொடி வைத்திருக்கிற வண்டி எதையும் முந்தக் கூடாது. முன்னால் போகிற வண்டி நின்றால் அதுவும் பின்னால் நிற்க வேண்டும். அங்கே வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் இது பச்சைப்பிள்ளைப் பாடம்.

எல்லை என்பதால் செல்போன் கோபுரம் வைக்க விடமாட்டார்களாம். இரண்டு கேட்டுக்கும் நடுவே ஒரு தொலைபேசிக் கம்பி இருந்தது. அதையும் மழையில் சரிந்த பாறை இழுத்துக்கொண்டு போயிருந்தது. சரிசெய்ய ஆள் வருகிறார், வருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மேல் கேட்டைப் பார்த்துக்கொள்கிறவர்தான் கேட்டக்கா. டிரைவர்கள், எல்லைக் காவலர்கள், சன்னதிக்கு வருகிறவர்கள், எல்லாருக்கும் அவர் கேட்டக்காதான். கேட்டை ஒட்டி ஓர் அறை, அதற்குப் பின்னால் ஓர் அடுப்படி, அதுதான் வீடு. சுவரில் ஈரம் ஏறாமல் இருக்கப் பழைய காலண்டர்களை வரிசையாக ஒட்டியிருந்தார். கட்டிலிலிருந்தே கேட் தெரிகிற மாதிரி ஜன்னல். அரசாங்கம் கொடுத்த காக்கிக் கோட்டு ஆம்பளை அளவில் தைத்தது, தோள்பட்டை பாதிக் கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. தையல்காரிக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மறுநாளே வாங்கிப் பிரித்து, அளவுக்குக் கையால் தைத்துக் கொடுத்தேன்.

“இத்தனை வருஷமா யாரோ ஒரு ஆம்பளைக்குள்ள பூந்துக்கிட்டு வேலை பார்த்த மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் நான் நானா இருக்கேன்” என்று சிரித்தார். அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னைத் தையலக்கா என்றார். யார் மூத்தவர் என்ற விசாரணைக்குள் இரண்டு பேருமே போகவில்லை.

அவருக்கு அந்த வேலை வந்த கதையை அவரே சொன்னார், காய் நறுக்கிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி. புருஷன் ஜீப் டிரைவர். ஒருநாள் பழைய கேட்காரர், “எல்லாம் வந்தாச்சு, நீ போ, கொடி எப்படியும் வந்துரும்” என்று, யாரோ சொன்ன வாய்வார்த்தையை நம்பிக் கேட்டைத் திறந்துவிட்டார். கீழேயிருந்து ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. புருஷன் ஹாரன் அடித்துக்கொண்டேதான் இறங்கியிருக்கிறார். அருவிச் சத்தத்தில் ஹாரன் யார் காதில் விழும்? ஈரச் சாலையில் பிரேக் எங்கே பிடிக்கும்? ஜீப் பள்ளத்துக்குப் போய்விட்டது. அந்தக் கேட்காரரை வேலையை விட்டு எடுத்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற இவரிடம் சாவியைக் கொடுத்தார்கள்.

“என்னைப் பொறுத்தவரைக்கும் அது வேலை இல்ல தையலக்கா. அவரு போன வழிய நான் காவல் காக்கறேன்.”

அதற்குப் பிறகு கொடி வராமல் அவர் கேட் திறந்ததே கிடையாது. பெரிய அதிகாரி ஒருவர் காருக்குள்ளிருந்து கத்தியபோது இவர் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாராம், திறக்கவில்லையாம். சன்னதிக்கு வந்த பணக்காரர் ஒருவர், “நான் யாரு தெரியுமா?” என்று கேட்டதற்கு, “தெரியாதுங்க, தெரிஞ்சாலும் பூட்டுக்குத் தெரியாதுங்க” என்றாராம். டிரைவர்கள் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிடிவாதக்காரி என்று பேர் வாங்கியிருந்தார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரே மகள். கல்யாணமாகி நிறைமாதக் கர்ப்பிணியாக அங்கே வந்திருந்தாள். தாய்க்கு அவள் இன்னமும் பாப்பாதான். மாப்பிள்ளை வேன் டிரைவர், கீழே ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குவான். பிரசவத்துக்குக் கீழே ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை பார்த்து வைத்திருந்தார்கள். இன்னும் நாளிருக்கிறது, அடுத்த வாரம் இறங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நான் குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருப்பேன், பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் எடுத்துக் கொடுப்பாள். “எங்கம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க ஆன்ட்டி. மொதல்ல கேட்டு, அப்புறம்தான் நான்” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்டக்காவும் சிரிப்பார்.

நாங்கள் கிளம்ப வேண்டிய நாள் காலையில் அறைக்கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள். கேட்டக்கா. முகத்தில் ரத்தமே இல்லை.

“பாப்பாவுக்கு ரத்தமாப் போகுது. உங்க காரு வேணும்.”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். விரிப்பெல்லாம் நனைந்திருந்தது. வலி கூட அதிகமில்லை, ரத்தம்தான் நிற்கவில்லை. எல்லைக் காவல் முகாமிலிருந்து கம்பவுண்டர் வந்தார். ஒரு ஊசி போட்டார். “இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கீழ கொண்டுபோங்க, சீக்கிரம்” என்று சொல்லிவிட்டு எங்கள் கண்ணைப் பார்க்காமல் நின்றார். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த காரின் பின்சீட்டில் பாப்பாவைப் படுக்க வைத்தோம். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட் மூடியிருந்தது. கொடி வரவில்லை.

மூடுபனி. சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு வண்டியாக ஏறி வந்தது. ஒவ்வொன்றுக்கும் கேட்டக்கா ஓடிப்போய் முன்பக்கம் பார்ப்பார். கொடி இருக்காது. அந்த வண்டியை உள்ளே விட்டுவிட்டு மறுபடி பூட்டுவார். நான் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டே வந்தது. சன்னதி இருந்த பக்கம் திரும்பி, கூப்பிடாத சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

பிறகு ஒரு வேன் வந்தது. முன்னால் சிவப்புக் கொடி. ஓட்டி வந்தது மாப்பிள்ளை. எங்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்தது. அவன் காருக்குள் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். கேட்டக்கா அவன் கையிலிருந்து கொடியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். சாவியைப் பூட்டில் நுழைத்துக்கொண்டே, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார்.

“நீங்கதான மாப்பிள்ளை கடைசி? பின்னால யாருமில்லையே?”

“யாருமில்ல அத்தை. நான்தான் கடைசி. தெறங்க.”

வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களில் ஈரத் துண்டைத் தோளில் போட்டிருந்த ஒருவர் இதைக் கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? “ஏம்ப்பா, அருவிகிட்ட ஒரு பஸ்ஸு நின்னுச்சே? ஜனமெல்லாம் குளிச்சுக்கிட்டு இருந்தாங்களே? நாமதான அதைத் தாண்டி வந்தோம்?” என்றார்.

சாவி பாதி திரும்பியிருந்தது. கேட்டக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டு மருமகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்தான். பெண்டாட்டிக்கு நாள் நெருங்குகிறது, போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு. கொடி வண்டி முந்தக் கூடாது என்று தெரிந்தும் முந்தியிருக்கிறான். அவள் இந்தக் கோலத்தில் இருப்பாள் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

“அத்தை, பஸ்ஸு இப்போதைக்குக் கெளம்பாது. அத்தனை பேரு குளிச்சு, துணி மாத்தி, எண்ணிப் பார்த்து ஏத்தணும். அதுக்குள்ள அருவிக்குப் போயிரலாம். அங்க எடம் இருக்கு, வெலகிக்கலாம். தெறங்க அத்தை.”

“கெளம்பியிருந்தா?”

“கெளம்பியிருக்காது!”

“உங்க மாமாவுக்கும் இதத்தான் சொன்னாங்க.”

அவன் காலில் விழுந்தான். நடுரோட்டில், சேற்றில், எல்லார் முன்னாலும். “உங்க பொண்ணு அத்தை. உள்ள கெடக்கறது உங்க பொண்ணு!” என்று கத்தினான். எனக்கும் பொறுக்கவில்லை. “அக்கா, தெறந்து விட்டுருங்கக்கா” என்று நானும்தான் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கெஞ்சியதில்லை. கேட்டக்கா பூட்டிலிருந்து சாவியை உருவி, கோட்டுக்குள் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டார். அழவில்லை. உதடு மட்டும் எதையோ சொல்வது போல அசைந்துகொண்டிருந்தது.

“அதுல அத்தனை பேரு இருக்காங்க மாப்பிள்ளை. கார்ல நாலு பேரு இருக்கீங்க. பாப்பாவும் இருக்கா. நான் தெறக்க மாட்டேன்.”

அவன் எழுந்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். “வண்டிதான போகக் கூடாது? ஆளு போகலாம்ல?” என்றான். அறைக்குள் போய்க் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாப்பாவை அதில் படுக்க வைத்தார்கள். அருவி வரைக்கும் சுமந்துகொண்டு போய், அங்கே பஸ்ஸைத் திருப்பி, அதிலேயே கீழே இறக்கிவிடலாம் என்பது அவன் கணக்கு. கம்பவுண்டர் ஒரு கால், எங்கள் டிரைவர் ஒரு கால், மாப்பிள்ளை ஒரு கால். நாலாவது காலை என் வீட்டுக்காரர் பிடித்தார். காய்கறிப் பையைக்கூடத் தூக்காத மனுஷன். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த நடைவழியில் கட்டிலைச் சாய்த்து வெளியே எடுத்துப் பனிக்குள் போனார்கள்.

கேட்டக்கா கூடவே ஓடினார், நடைவழி வரைக்கும். அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் இறங்க வேண்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஏற்கெனவே ரெண்டு பேர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் நகர்ந்தால் பூட்டை உடைக்கக்கூடிய ஆட்கள் அதில் இருந்தார்கள். திரும்பி வந்து கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

கீழே நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்களாம். ஒரு குறுகலான வளைவில், பனிக்குள்ளிருந்து, முகத்துக்கு நேராகப் பஸ் வந்து நின்றதாம். அது அருவியிலிருந்து எப்போதோ கிளம்பிவிட்டிருந்தது. பஸ் டிரைவர் இவர்களைப் பார்த்து அலறிப் பிரேக் போட்டாராம். கார் போயிருந்தால் அந்த இடத்தில்தான் மோதியிருக்கும். ஆனால் அங்கே பஸ்ஸைத் திருப்ப முடியாது. அந்தப் பனியில் அருவி வரைக்கும் பின்னோக்கி இறக்கவும் முடியாது. கட்டிலைப் பஸ்ஸைத் தாண்டி எடுத்துக்கொண்டு போகக்கூட இடமில்லை. பாப்பாவைப் பஸ்ஸுக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி மேலேதான் வர வேண்டியிருந்தது. சுமந்தது அத்தனையும் வீண்.

பஸ் வந்தது. கேட்டக்கா கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். குளித்த தலையோடு இருந்தவர்கள் எல்லாரும் திகைத்துப்போய் இறங்கினார்கள். பஸ் விடுதி வாசலில் திரும்பியது. கேட்டக்கா படிக்கட்டில் காலை வைத்தார். மாப்பிள்ளை குறுக்கே கையை நீட்டினான்.

“நீங்க வர வேணாம். நீங்க கேட்டைப் பாத்துக்கோங்க.”

கதவைச் சாத்திக்கொண்டான். பஸ் இறங்கியது. பின்னாலேயே வரிசையாக வண்டிகள் இறங்கின. கடைசி வண்டியில் கேட்டக்காதான் கொடியைச் செருகினார். அதில் ஏறிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். அவர் காதில் அது விழவே இல்லை. நாங்கள் கிளம்பவில்லை. இந்த மனுஷியை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது?

செய்தி மறுநாள் காலை வண்டிகளோடுதான் மேலே வர முடியும். அதுவரைக்கும் அவர் சாப்பிடவில்லை. கட்டில் இருந்த இடத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வண்டிகள் ஏற ஆரம்பித்தன. முதல் டிரைவர் தலையைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்தவர் கண்ணாடியைத் துடைப்பது போலப் பாவனை செய்தார். தினமும் கேலி பேசிக்கொண்டு வருகிறவர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. கடைசியாக வந்தது மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன். கொடியைக் கொடுத்தான்.

“பின்னால யாருமில்லையே தம்பி?” என்றார் கேட்டக்கா.

“இல்லக்கா. பாப்பா பொழைச்சுக்கிச்சுக்கா. புள்ளைதான் தங்கல. இனிமே அதுக்குப் புள்ளை… கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாம்க்கா. உசுர காப்பாத்தணும்னா வேற வழி இல்லன்னுட்டாங்க.” வண்டியில் ஏறப் போனவன் திரும்பினான். “நீங்க வர வேணாம்னு சொல்லச் சொன்னாருக்கா. என்மேல கோவிச்சுக்காதீங்க.”

கேட்டக்கா கேட்டைத் திறந்தார். ஒவ்வொரு வண்டியாக அனுப்பினார். எங்கள் கார் கடைசியாக நின்றது. கொடியைச் செருகிவிட்டு எங்களைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “ஏறுங்கம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

கேட்டக்கா கேட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். காருக்குப் பின்னால் போய்க் கேட்டைச் சாத்தினார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார். சாவியோடு வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தச் சாவி மேல் கேட்டை விட்டுக் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொண்டார். அருவியைத் தாண்டியபோது என் கையை இறுக்கிப் பிடித்தார்.

ஆஸ்பத்திரி நடைவழியில் மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து, வார்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அடிப்பானோ என்றுகூட எனக்குப் பயமாக இருந்தது.

“அந்த வளைவுல பஸ்ஸு வந்து நின்னத நான் பாத்தேன் அத்தை” என்றான். “நீங்க செஞ்சது சரிதான். தெறந்திருந்தா நாங்க யாருமே இல்ல. எனக்குத் தெரியும். நான்தான் பொய் சொன்னேன், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா உங்க மூஞ்சியப் பாக்க முடியல அத்தை. என்னால முடியல.”

“பாக்க வேணாம் மாப்பிள்ளை. அவளை ஒரு தடவை நான் பாத்துட்டுப் போயிடறேன்.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வழி கிடைத்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். பாப்பா வெளுத்துப்போய், துணியோடு துணியாகக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. கேட்டக்கா பக்கத்தில் போய் நின்றார். தொடலாமா, கூடாதா என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்தினார். பாப்பா அம்மாவைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள், வேறு யாரோ கூட வந்திருக்க வேண்டும் என்பது போல. கோபமா, பழக்கமா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

“நீ இங்க வந்துட்டியே, கேட்டை யாரும்மா பாத்துக்கறா?”

கேட்டக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். புருஷன் செத்ததைச் சொன்னபோது அழாதவர், நேற்று முழுக்க அழாதவர், அந்த வார்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார்.